குழந்தைகளோடு அழகர், எழும்பூர் மியூசியம், காமிக் கான்: எங்கே சொதப்புகிறோம்?

மதுரைச் சித்திரைத் திருவிழாவில் "ஆத்துல அழகர் இறங்குறதைப் பிள்ளைக்குக் காட்டணும்" என்று ராத்திரி ரெண்டு மணிக்குக் கிளம்பும் குடும்பங்கள் பல, அழகரைப் பார்க்காமலே வீடு திரும்புகின்றன. பிள்ளை பார்த்தது முன்னால் நின்றவரின் முதுகை. அப்பா பார்த்தது தலைக்கு மேலே நீண்ட செல்போன்களின் திரையை. ஊரே எந்த நிமிஷத்துக்குக் கூடுகிறதோ அதே நிமிஷத்துக்கு நாமும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதுதான் இங்கே நடக்கும் தவறு. திருவிழாவில் மட்டுமல்ல, மியூசியத்திலும், காமிக்ஸ் ரசிகர்கள் வேஷம் போட்டுக்கொண்டு கூடும் காமிக் கானிலும் இதுவே வேறு வேறு வேஷத்தில் வருகிறது.

சித்திரைத் திருவிழாவில் நெரிசல் உச்சத்தில் இருப்பது அழகர் வைகையில் இறங்கும் விடிகாலையில். 2022-ல் அந்த நெரிசலில் சிக்கி இரண்டு பேர் இறந்தார்கள். சரி, அந்த நேரத்தை விட்டுவிட்டால் அழகரைப் பார்க்கவே முடியாதா? தாராளமாக முடியும். அழகர்கோவிலிலிருந்து மதுரைக்குச் சுமார் 20 கிலோமீட்டர். வழியெங்கும் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். ஒவ்வொன்றிலும் நின்று, தீபாராதனை வாங்கிக்கொண்டுதான் அவர் நகர்வார். வரும் வழியில் பல்லக்கில், கொண்டையும் வளைதடியுமாகக் கள்ளர் கோலத்தில் இருப்பார். ஆற்றில் இறங்கிய பிறகு வண்டியூர். மறுநாள் தேனூர் மண்டபத்தில் கருட வாகனத்தில் மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம். அன்று இரவு ராமராயர் மண்டபத்தில் தசாவதாரம். அப்புறம் பூப்பல்லக்கு, பிறகு மலைக்குத் திரும்பும் பயணம். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு ஊருக்கு வெளியே இருக்கும் சின்ன மண்டகப்படி ஒன்றே போதும். பல்லக்கு பத்தடி தூரத்தில் வந்து நிற்கும், பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லவும் நேரம் இருக்கும். ஊரார் எதிரே போய் அழகரை வரவேற்கும் எதிர்சேவை இரவில் தல்லாகுளம் பக்கம் மட்டும் வேண்டாம். அங்கே கூட்டம் ஆற்றங்கரைக்குச் சளைத்ததல்ல.

ஆற்றில் இறங்கும் அந்தத் தங்கக் குதிரையில்தான் பார்த்தாக வேண்டும் என்று பெரியவர்கள் அடம்பிடித்தால் அவர்கள் போகட்டும். பிள்ளைகள் தூங்கட்டும்.

நெரிசல் தொடங்கிவிட்டது என்பது எப்படித் தெரியும்?

ஒரு சதுர மீட்டர் என்பது கேரம் போர்டைவிடக் கொஞ்சம் பெரிய இடம். அதில் ஐந்து பேர் நின்றாலே ஆபத்து ஆரம்பம். அதற்கு மேல் போனால் கூட்டம் தண்ணீர்போல அலையடிக்கத் தொடங்கும். அப்போது நடப்பது நாம் அல்ல, நம்மை நடத்துகிறார்கள். இதற்கு ஒரு சோதனை உண்டு. கையை மார்பு வரை தூக்கிப் பாருங்கள். அக்கம்பக்கத்தவர் மேல் இடிக்காமல் தூக்க முடியவில்லை என்றால், 'இன்னும் கொஞ்சம் முன்னால் போகலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை, உடனே வெளியேற வேண்டும். அலையை எதிர்த்துத் தள்ளாதீர்கள். ஒரு தள்ளலுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு கணம் ஓய்வு வரும், அந்தக் கணத்தில் குறுக்குவாட்டில் ஓரத்தை நோக்கி நகருங்கள்.

குழந்தையைத் தோளில் உட்கார வைப்பதைப் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். தெரு காலியாக இருக்கும்போது சரி. நெரிசலில் அது தப்பு, ஏனென்றால் உங்கள் இரண்டு கைகளும் பிள்ளையின் கால்களைப் பிடித்துக்கொண்டிருக்கும், மார்பு திறந்து கிடக்கும். நெரிசலில் பெரும்பாலும் உயிர் போவது மிதிபட்டு அல்ல, மார்பு அழுந்தி மூச்சுவிட முடியாமல். பிள்ளையை முகம் உங்கள் பக்கம் பார்க்க, மற்றவர்களின் முழங்கை உயரத்துக்கு மேலே இருக்கும்படி இடுப்பில் ஏந்துங்கள். இன்னொரு கையை மடக்கி மார்புக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயசுக்கு மேற்பட்ட பிள்ளையை அப்படி அதிக நேரம் தூக்க முடியாது. ஆகவே அந்த வயசுக்காரர்களை ஆற்றுக்குள் கூட்டிப் போகவே வேண்டாம்.

அடுத்தது போன் நம்பர். சட்டைப் பையில் சீட்டு எழுதி வைக்கிறோம், அல்லது கையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதுகிறோம். அழகர் திருவிழாவில் இரண்டுமே நிற்காது. தோப்பரை என்ற தோல்பையில் தண்ணீர் பீய்ச்சும் பக்தர்கள் நடுவே போனால் சீட்டு கூழாகும், எழுத்து கரையும். சி.டி. மார்க்கரால் முன்கையின் உள்பக்கம் எழுதி, காய்ந்ததும் மேலே நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு பூசிவிட்டால் தாங்கும். யாருடைய நம்பர்? அம்மாவுடையது, அப்பாவுடையது என்று இரண்டையும் எழுதுகிறார்கள். அந்த இருவரும் அதே கூட்டத்தில்தான் இருப்பார்கள். மேளச் சத்தத்தில் மணி அடிப்பதும் கேட்காது, டவரும் திணறும். ஒன்று உங்களுடையது, இன்னொன்று வீட்டில் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் தாத்தாவுடையது என்று இருக்கட்டும். பெயரைச் சட்டையின் வெளிப்பக்கம் எழுதித் தொங்கவிடாதீர்கள். முன்பின் தெரியாதவரும் பெயர் சொல்லிக் கூப்பிட அது வசதியாகிவிடும்.

பெயர் என்றதும் இன்னொன்று. நாலு வயசுப் பிள்ளையிடம் "அப்பா பேர் என்ன?" என்றால் "அப்பா" என்றுதான் வரும். வீட்டில் நாள் முழுக்க 'குட்டி' என்று கூப்பிட்ட பிள்ளையின் பள்ளிக்கூடப் பெயரை மைக்கில் பத்துத் தடவை சொன்னாலும் அது திரும்பிப் பார்க்காது. அறிவிக்கச் சொல்லும்போது செல்லப் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். கிளம்பும் முன் வாசலில் நிறுத்தி, அன்றைக்குப் போட்டிருக்கும் உடையோடு முழு உருவப் போட்டோ ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் 'நீலச் சட்டையா, பச்சையா' என்பதே பெற்றவர்களுக்கு மறந்துபோகும்.

தொலைந்தால் எல்லாரும் எட்டுத் திசைக்கும் ஓடுவதுதான் வழக்கம். கடைசியாகப் பிள்ளையைப் பார்த்த இடத்தில் ஒருவர் அசையாமல் நிற்க வேண்டும். ஒருவர் போலீஸ் உதவி மையத்துக்கு, ஒருவர் மைக் இருக்கும் இடத்துக்கு. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "நின்ன இடத்துலயே நில்லு. பக்கத்துல போலீஸ் மாமா, இல்லைன்னா பாப்பா வச்சிருக்கிற ஒரு அம்மா இருந்தா அவங்ககிட்டச் சொல்லு."

நெருப்பு, தேர், வெயில்

அழகருக்குச் சர்க்கரைச் செம்பு எடுப்பது மதுரைப் பக்கத்து நேர்த்தி. செம்பு நிறையச் சர்க்கரை, மேலே வாழையிலை, அதன்மேல் எரியும் சூடம். ஏந்தி நிற்கும் பெண்ணின் கை உயரமும் ஆறு வயசுப் பிள்ளையின் முக உயரமும் ஏறக்குறைய ஒன்று. பிள்ளைக்குப் போட்டிருப்பதோ பளபளக்கும் செயற்கை இழைப் பாவாடை. அது தீப்பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பட்டுப்பாவாடையைக் கல்யாண வீட்டுக்கு எடுத்து வையுங்கள், இங்கே பருத்திதான். சுட்டுவிட்டால் 20 நிமிஷம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். ஐஸ், பற்பசை, மாவு எதுவும் வேண்டாம். நகையும் பட்டுப்பாவாடை மாதிரி கல்யாண வீட்டுக்குத்தான். கழுத்தில் செயின் போட்டே தீர வேண்டும் என்றால் ஊக்கால் துணியோடு குத்திவிடுங்கள். போடாமல் விடுவது அதைவிட நல்லது.

இதே திருவிழாவில் மீனாட்சி தேரைப் பார்க்க மாசி வீதியின் மூலையைப் பிடிப்பவர்கள் பலர், திரும்புவது அழகாகத் தெரியும் என்பதற்காக. தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. சக்கரத்தின் அடியில் கட்டையைக் கொடுத்துத்தான் திருப்புகிறார்கள், நிறுத்துவதும் பெரும்பாலும் கட்டையால்தான். கட்டை சறுக்கினால் தேர் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பதைக் கட்டை போடுகிறவரே சொல்ல முடியாது. வடம் இழுக்கும் கூட்டமும் மூலையில்தான் ஓரத்துக்குச் சாயும். நேர் வீதியின் நடுப்பகுதியில், உயரமான திண்ணையோ படிக்கட்டோ உள்ள இடமாகப் பாருங்கள். ஊர்ப்புறத் தேர் என்றால் தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்றும் பாருங்கள். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். தேரைத் தொட்டுக் கும்பிடப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

சித்திரை வெயிலில் பத்து மணிக்கே தார்ச்சாலை கொதிக்கும். செருப்பைக் கோவில் வாசலில் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு பிள்ளை நடப்பது வழக்கமான காட்சி. பழைய செருப்பு, அதையும் ஒரு பையில் போட்டுக் கையோடு. தண்ணீர்ப் பந்தல் மோரும் பானகமும் நல்லவைதான், அதில் மிதக்கும் ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்பதுதான் தெரியாது. வீட்டுத் தண்ணீர் எடுத்துப் போங்கள், கூடவே ஓ.ஆர்.எஸ். பொட்டலம். பெரிய பொட்டலம் முழுசும் 1 லிட்டர் தண்ணீருக்கு, சிறியது 200 மில்லிக்கு. பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கொட்டிக் கொடுத்தால் உப்பு ஏறி நிலைமை மோசமாகும். அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புச் சாறு ஓ.ஆர்.எஸ். ஆகாது.

எழும்பூரில் எல்லாவற்றையும் பார்த்துவிடும் ஆசை

இங்கே முதல் தவறு கேட்டிலேயே நடக்கும். 1851-ல் தொடங்கிய சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. தேசிய விடுமுறை நாட்களிலும் திறக்காது. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று ஸ்கூல் லீவைப் பார்த்துக் கிளம்பிப் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஏராளம்.

உள்ளே போனதும் அடுத்தது. வளாகம் சுமார் 16 ஏக்கர், தனித்தனிக் கட்டடங்கள். 'டிக்கெட் வாங்கிட்டோம், எல்லாத்தையும் பார்த்துடணும்' என்று இழுத்துக்கொண்டு நடந்தால் ஒரு மணி நேரத்தில் பிள்ளை தரையில் உட்கார்ந்துவிடும். இரண்டே கூடங்கள் போதும். பெரும்பாலோர் விலங்கியல் பகுதியில் ஆரம்பித்து, திமிங்கில எலும்புக்கூட்டில் பிள்ளையின் உற்சாகம் முழுவதையும் செலவழித்துவிட்டு, சோர்ந்த காலோடு செப்புத்திருமேனிகளுக்கு வருகிறார்கள். மாற்றிப் பாருங்கள். முதலில் செப்புத்திருமேனிகள், திமிங்கிலம் கடைசிக்கு.

அங்கேயும் நூறு சிலைகளை நூறு நொடியில் தாண்டாதீர்கள். திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் பத்து நிமிஷம் நில்லுங்கள். சுற்றித் திருவாசி என்ற நெருப்பு வளையம் இல்லாததால் கைகால்களின் ஓட்டம் மறைவில்லாமல் தெரியும். பிள்ளையையே தேடச் சொல்லுங்கள்: எத்தனை கை, உடுக்கை எங்கே, தீ எங்கே, காலுக்கடியில் யார், எந்தக் கை தூக்கிய காலைக் காட்டுகிறது? பிறகு மற்ற திருமேனிகளின் பீடங்களைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். துளையும் வளையமும் தென்படும். தண்டு கோத்துத் தூக்கிக்கொண்டு வீதியுலா போவதற்காக வைத்தவை அவை. கண்ணாடிக்குள் நிற்கிறவர்களும் ஒரு காலத்தில் தெருவில் வந்த உற்சவர்கள்தான். அழகரைப் பார்த்த பிள்ளைக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை.

'தொடாதே' என்று அதட்டினால் பிள்ளை நீங்கள் திரும்பியதும் தொடும். காரணம் சொன்னால் பெரும்பாலும் கேட்கும். வியர்வையில் உப்பு இருக்கிறது, உப்பு செம்பை அரிக்கும். அமராவதிச் சிற்பங்களைப் பளிங்கு என்று சொல்கிறார்கள், உண்மையில் அது சுண்ணாம்புக்கல். கை எண்ணெயை உறிஞ்சிக் கறுத்துப்போகும். ஓவியங்களுக்கு முன்னால் ஃபிளாஷ் வேண்டாம். கேமரா கொண்டுபோனால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று டிக்கெட் கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள்.

காமிக் கான்

காமிக் கான் சென்னைக்கு முதன்முதலில் வந்தது 2024 பிப்ரவரியில், நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு. இதில் பெற்றோர் செய்யும் தவறுகள் பெரும்பாலும் வேஷத்தில். ஃபோம் ஷீட்டில் கவசம் செய்து க்ளூ கன்னால் ஒட்டி, வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டு மதியம் போட எடுத்தால் பசை இளகி எல்லாம் கழன்று கிடக்கும். மூடிய காருக்குள் ஏறும் சூட்டை அந்தப் பசை தாங்காது. மூட்டுகளுக்கு ரப்பர் பசைதான் சரி. பெவிகால் எஸ்.ஆர். போன்றதை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அப்புறம் அழுத்த வேண்டும். ஈரமாக ஒட்டினால் பிடிக்காது. ஜன்னலைத் திறந்து வைத்துப் பெரியவர்கள் செய்யும் வேலை இது.

வேஷத்தைக் கழற்றாமல் பாத்ரூம் போக முடிகிறதா என்று வீட்டிலேயே ஒரு தடவை ஒத்திகை பாருங்கள். இதை யாருமே செய்வதில்லை, பிறகு கழிப்பறை வரிசையில் நின்று அழுகிறார்கள். முகமூடி போட்டால் பிள்ளைக்குக் காலடி தெரியாது, படிக்கட்டில் அதைக் கழற்றிவிடுங்கள். வாள், கம்பு எதிலும் உலோகம் இருக்கக் கூடாது. வாசல் சோதனையில் பிடுங்கினால் பிள்ளையின் அன்றைய நாளே போய்விடும், ஆகவே அந்த ஆண்டின் விதிமுறையை டிக்கெட் எடுக்கும்போதே படியுங்கள். எந்த நாளுக்கான டிக்கெட் என்பதையும் அங்கேயே பாருங்கள்.

உச்ச நேரக் கதை இங்கேயும் உண்டு. மதியத்துக்கு மேல் மேடை நிகழ்ச்சிகளோடு கூட்டமும் சத்தமும் ஏறும். கதவு திறக்கும்போதே உள்ளே போய், ஓவியர்களின் மேசைகளை முதலில் முடித்துவிடுங்கள். அப்போதுதான் அவர்கள் தலை நிமிர்ந்து பிள்ளையிடம் நாலு வார்த்தை பேசுவார்கள். எல்லாக் காமிக்ஸும் குழந்தைகளுக்கானவை அல்ல, வாங்கும் முன் நடுப்பக்கம் ரெண்டைப் புரட்டிப் பாருங்கள். சத்தம் தாங்காத பிள்ளை என்றால் காதுக்கு மூடி, ஸ்பீக்கரிலிருந்து தள்ளி இடம். வேஷம் போட்டவர்களோடு போட்டோ எடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள். இறக்கையையும் வாலையும் இழுத்துப் பார்க்கப் பிள்ளைகளை விடாதீர்கள், அது யாரோ ராத்தூக்கம் விட்டு ஒட்டியது.

கூட்டத்தில் டவர் திணறும்போது ஜிபே சுற்றிக்கொண்டே நிற்கும். ஐநூறு, நூறு, ஐம்பது என்று சில்லறையாகக் கொஞ்சம் கையில் இருக்கட்டும். திரும்பும்போது வாசலில் ஆட்டோ கிடைக்க நேரமாகும். அந்த அரை மணிக்கு என்று ஒரு பாக்கெட் பிஸ்கட்டையும் கடைசிப் பாட்டில் தண்ணீரையும் தொடாமல் வைத்திருங்கள்.