கிபானாவிலிருந்து பல கிளஸ்டர்களில் தேடுவதற்கான அமைப்பு

எலாஸ்டிக்சர்ச் என்பது தரவைச் சேமித்துத் தேடித்தரும் மென்பொருள்; அந்தத் தரவைத் திரையில் தேடவும் வரைபடமாகப் பார்க்கவும் உதவுவது கிபானா. சேர்ந்து இயங்கும் எலாஸ்டிக்சர்ச் சர்வர்களின் தொகுதிதான் கிளஸ்டர். கிபானா நேரடியாக எந்தத் தொலைதூர கிளஸ்டரிடமும் பேசுவதில்லை. தன் சொந்த எலாஸ்டிக்சர்ச் கிளஸ்டரிடம் கேள்வியைக் கொடுக்கிறது. மற்ற கிளஸ்டர்களைக் கேட்டு விடைகளைத் திரட்டுவது அந்த கிளஸ்டரின் வேலை. ஆகவே பிழை வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் எலாஸ்டிக்சர்ச்தான்.

கிபானாவின் ஸ்டாக் மேனேஜ்மென்டில் உள்ள ரிமோட் கிளஸ்டர்ஸ் பக்கத்தில், சேர்க்கவிருக்கும் கிளஸ்டருக்கு ஒரு பெயரைச் சூட்டி (இங்கே ‘சிங்கப்பூர்’ என்று கொள்வோம்), அதன் நோடு (கிளஸ்டரில் உள்ள சர்வர்) ஒன்றின் முகவரியைக் கொடுங்கள். வழக்கமான HTTP போர்ட்டான 9200-ஐத் தட்டிப் பழகிய கை இங்கும் அதையே தட்டிவிடும். இரு கிளஸ்டர்களும் சான்றிதழ் காட்டி ஒன்றையொன்று நம்பும் சான்றிதழ் வழி இணைப்புக்கு வேண்டியதோ, நோடுகள் தமக்குள் பேசும் டிரான்ஸ்போர்ட் போர்ட்டான 9300. தொலைதூர நோடுகள் லோட் பேலன்சருக்கு (இணைப்புகளைப் பல நோடுகளுக்குப் பிரித்தனுப்பும் இடைக்கருவி) பின்னால் இருந்தால், நோடுகளோடு நேரடியாக இணையும் ஸ்னிஃப் முறையை விட்டு, ஒரே முகவரி வழியே இணையும் பிராக்ஸி முறையைத் தேர்ந்தெடுங்கள்.

அதிக நேரத்தை விழுங்குவது அனுமதிதான். சான்றிதழ் முறையில் பயனருடைய ரோல்களின் (உரிமைத் தொகுப்புகளின்) பெயர்கள்தான் மறுபுறம் செல்கின்றன, அவற்றில் அடங்கிய உரிமைகள் அல்ல. அங்கே அதே பெயரில் ஒரு ரோல் இருந்து, தேடவேண்டிய இண்டெக்ஸ்கள்மீது (தரவு சேமிக்கப்படும் தொகுப்புகள்) ரீட், ரீட் கிராஸ் கிளஸ்டர், வியூ இண்டெக்ஸ் மெட்டாடேட்டா ஆகிய மூன்று உரிமைகளும் அதற்கு இருக்க வேண்டும். ஒரு பக்கம் ‘லாக்-ரீடர்’ என்றும் மறுபக்கம் ‘லாக்_ரீடர்’ என்றும் பெயரிட்டுவிட்டு, அந்தச் சிறு கோட்டைக் கண்டுபிடிக்க ஒரு முழு மாலையைச் செலவிட்டிருக்கிறேன். எல்லா உரிமைகளும் உள்ள சூப்பர்யூசர் கணக்கில் சோதித்ததால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரிந்தது. சாதாரணப் பயனரின் கணக்கில்தான் சோதிக்க வேண்டும்.

அடுத்து டேட்டா வியூ, அதாவது எந்த இண்டெக்ஸ்களில் தேட வேண்டும் என்று கிபானாவுக்குச் சொல்லும் பெயர் வடிவம். ‘சிங்கப்பூர்:லாக்ஸ்-*’ என்றால் அந்த ஒரு கிளஸ்டர். ‘*:லாக்ஸ்-*’ என்றால் தொலைதூர கிளஸ்டர்கள் அனைத்தும். இரண்டாவதில் உள்ளூர் கிளஸ்டர் அடங்காது என்பதால், அதுவும் வேண்டுமானால் ‘லாக்ஸ்-*,*:லாக்ஸ்-*’ என்று காற்புள்ளியிட்டுச் சேர்த்து எழுதுங்கள். ஒரே புலம் ஓரிடத்தில் கீவேர்டாகவும் (எழுத்துச் சரம்) இன்னோரிடத்தில் எண்ணாகவும் இருந்தால் டேட்டா வியூ அதை முரண் என்று காட்டும். வரைபடம் போடுவதற்கு முன், புலங்களின் வகையைக் குறிக்கும் மேப்பிங்கைச் சரிசெய்துவிடுங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு கிளஸ்டருக்கும் உள்ள ‘ஸ்கிப் அன்அவைலபிள்’ அமைப்பு. இது அணைந்திருந்தால் ஒரு கிளஸ்டர் விழுந்ததும் தேடல் முழுவதும் பிழையில் முடியும். இயங்கினால் விழுந்த கிளஸ்டரை விட்டுவிட்டு மற்றவற்றின் விடை வரும், எண்ணிக்கையும் அந்த அளவுக்குக் குறையும். எலாஸ்டிக்சர்ச் 8.15 பதிப்பு முதல் இது இயல்பாகவே இயங்கும் நிலையில் இருப்பதால், வரைபடத்தில் திடீரென்று சரிவு தெரிந்தால் காரணம் தேடிப் புறப்படும் முன், ரிமோட் கிளஸ்டர்ஸ் பக்கத்தில் எல்லா இணைப்புகளும் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.