கோடை விடுமுறைக்கு எந்த மலை: குடும்பத்தோடு செல்வோர் இடம் தேர்ந்தெடுக்கும் முறை

அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் வேலூர், கரூர், ஈரோடு, திருச்சி போன்ற ஊர்களில் வெயில் 40 டிகிரியைத் தொடுவது வழக்கம். பள்ளி விடுமுறையும் அதே நாட்களில்தான் வருகிறது. ஆகவே ஏப்ரல் பிற்பகுதி முதல் மே இறுதி வரை தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பலவும் ஒரே சில மலைகளை நோக்கிப் புறப்படுகின்றன. ஊட்டியா கொடைக்கானலா என்று தொடங்கும் வீட்டுப் பேச்சு, கடைசியில் அறை எங்கே கிடைக்கிறதோ அங்கே போவது என்று முடிந்துவிடுகிறது. உயரம், மாதம், பாதை ஆகிய மூன்றையும் முதலில் பார்த்து, வீட்டில் உடல் மிகவும் தளர்ந்தவருக்கு எது ஒத்துவரும் என்று தீர்மானித்த பிறகே ஊர்ப்பெயருக்கு வருவது நல்லது.

முதலில் உயரம். ஆயிரம் மீட்டர் மேலே ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. இதை வைத்துக்கொண்டு எந்த மலையின் பகல் வெப்பத்தையும் வீட்டிலிருந்தே ஓரளவு மதிப்பிடலாம். கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். இடையில் 1,830 மீட்டர் வேறுபாடு இருப்பதால் ஏறக்குறைய 12 டிகிரி குறையும். கோவையில் 36 டிகிரி அடிக்கும் நாளில் ஊட்டியில் பகல் 24 டிகிரியை ஒட்டியே இருக்கும். சேலத்தில் 38 டிகிரி என்றால், 1,515 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் 30 டிகிரி வரை எதிர்பார்க்கலாம். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர்தான். அதன் அடிவாரச் சமவெளியே கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் அளவில் இருப்பதால், ஏறி முடித்தபின் கிடைக்கும் ஆறுதல் நான்கைந்து டிகிரிக்கு மேல் இராது. கீழே 39 என்றால் மேலே 34. மாலையில் காற்று இதமாக இருக்கும் என்பது உண்மையே. நண்பகலில் அறையில் மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாது என்பதும் உண்மை. சென்னையிலிருந்து வார இறுதிக்குப் போய்வர ஏலகிரி நல்ல இடம். மே மாதத்தில் வெயிலுக்குத் தப்பிப்பதற்கு மட்டும் அங்கே போவது வீண் செலவு.

மிதமான தட்பவெப்பம் வேறு, குளிர் வேறு. ஊட்டியில் மே மாத இரவுகளில் வெப்பநிலை 11, 12 டிகிரி அளவுக்கு இறங்குவதுண்டு. இளைஞர்களுக்கு அது சுகமாக இருக்கும். மூட்டுவலி உள்ள பாட்டிக்கும், இளைப்பு உள்ள தாத்தாவுக்கும், ஒரு வயதுக் குழந்தைக்கும் அந்த இரவு எளிதாக இராது. மழை பெய்து ஈரமும் சேர்ந்துகொண்டால் போர்வைகூடச் சில்லென்றிருக்கும். கொடைக்கானலும் 2,100 மீட்டருக்குச் சற்று மேலே இருப்பதால் ஏறக்குறைய இதே கதைதான். பகலில் 25 முதல் 30 டிகிரிக்குள், இரவில் ஒரு ஸ்வெட்டர் போதும் என்ற அளவில் இருக்க வேண்டுமானால் 1,500 முதல் 1,900 மீட்டர் வரை உள்ள ஊர்களைத் தேட வேண்டும். அந்த வரம்புக்குள் வருபவை குன்னூர், கோத்தகிரி, ஏற்காடு, கேரளத்தின் மூணாறு, தேனி மாவட்டத்து மேகமலை ஆகியவை. இவற்றுள், முதியவரும் குழந்தையும் சேர்ந்து வரும் குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது கோத்தகிரியைத்தான். ஊட்டியை விடச் சில நூறு மீட்டர் தாழ்வானது, தொட்டபெட்டா மலைத்தொடர் மேற்கே நின்று தென்மேற்குப் பருவமழையின் வேகத்தை மறைத்துக்கொள்கிறது, நெரிசலும் குறைவு. கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறி வந்தபோது முதலில் தங்கியது கோத்தகிரியை அடுத்த திம்பட்டியில்தான். உதகையில் அவர் வீடு கட்டத் தொடங்கியது 1822இல். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் கோத்தகிரியில் சிறியதுதான். ஊட்டி அங்கிருந்து 30 கிலோமீட்டருக்குள் இருப்பதால், குழந்தைகள் படகுக்கும் பூங்காவுக்கும் அடம்பிடித்தால் ஒரு நாள் போய்த் திரும்பிவிடலாம்.

விளம்பரங்களில் வரும் 'ஊட்டி அருகில்' என்ற சொல்லை அப்படியே நம்பிவிடக் கூடாது. மசினகுடியில் உள்ள பல ரிசார்ட்டுகள் இந்தப் பெயரில்தான் விற்கப்படுகின்றன. வரைபடத்தில் பார்த்தால் தொலைவு குறைவுதான். ஆனால் நடுவே 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி மலைப்பாதை இருக்கிறது. மசினகுடியோ ஊட்டியை விட ஆயிரம் மீட்டருக்கும் மேல் தாழ்ந்த வறண்ட காட்டுப் பகுதி. மே மாதத்தில் அங்கே வெயில் நன்றாகவே சுடும். யானையும் மானும் பார்க்கப் போகிறவர்களுக்கு அது அருமையான இடம், குளிர்ச்சி தேடிப் போகிறவர்களுக்கு அல்ல. எந்த விடுதியானாலும் முன்பணம் கட்டும் முன் அதன் இருப்பிடத்தைக் கைபேசி வரைபடத்தில் குறித்து, அந்த இடத்தின் உயரத்தைத் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மாதம். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குவது வழக்கமாக ஜூன் 1 வாக்கில். அதற்கு முன்பே ஏப்ரல், மே மாதங்களில் மலைகளில் பிற்பகல் இடிமழை பெய்யும். ஆகவே வெளியே சுற்றுவதைக் காலையிலேயே முடித்துக்கொண்டு, மூன்று மணிக்குமேல் அறைக்குத் திரும்பும்படி திட்டமிடுவது நல்லது. மே கடைசி வாரத்தில் வால்பாறை, மூணாறு போன்ற மேற்குச் சரிவு ஊர்களுக்குப் போகிறவர்கள் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும். குற்றாலத்தைப் பற்றிப் பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. அது உயரத்தால் குளிர்ந்த ஊர் அன்று; மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வழியே வரும் பருவக் காற்றாலும் சாரலாலும் குளிர்கிற ஊர். சீசன் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. கோடை மழை கைகொடுக்காத மே மாதத்தில் போனால் அருவிப் பாறையைப் பார்த்துவிட்டு வரலாம். பள்ளி திறந்தபின் ஒரு சனி, ஞாயிறில் போவதற்கு அதை ஒதுக்கி வைக்கலாம்.

விடுமுறை விடும் நாளை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் வாரத்தின் நாட்களைத் தேர்ந்தெடுக்கலாம். ஞாயிறு பிற்பகலிலோ திங்களிலோ ஏறி வியாழனன்று இறங்குபவருக்குக் கிடைக்கும் மலையும், வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு திரும்புபவருக்குக் கிடைக்கும் மலையும் ஒன்றல்ல. மே மாதத்தில் ஊட்டி அரசினர் தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சியும், குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சியும் நடக்கும். ஊட்டிப் பூங்கா 1848இல் தொடங்கியது. கண்காட்சியும் பார்க்கத் தக்கதுதான். கூட்டத்தைத் தாங்காத குடும்பம் அந்தத் தேதிகளை அறிந்து விலகிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது பாதை. குழந்தைக்கு வாந்தி வரும் பழக்கம் இருந்தால் வளைவுகளின் எண்ணிக்கை, உயரத்துக்கு இணையான முக்கியத்துவம் பெறுகிறது. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40, சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்கு 14. கொல்லிமலையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அங்கே எல்லோரும் பார்க்க விரும்பும் ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, மீண்டும் ஏற வேண்டும், கோடையில் நீரும் மெலிந்திருக்கலாம். பாட்டியை மேலே உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் மட்டும் போய்வருவது குடும்பச் சுற்றுலா ஆகாது. கொடைக்கானல் பாதையில் வளைவுகளின் தொல்லை அவ்வளவு இல்லை. ஆனால் வத்தலக்குண்டிலிருந்து ஏற்றம் 50 கிலோமீட்டருக்கும் மேல் நீள்வதால் உட்கார்ந்தே அலுத்துப்போகும். எந்த மலையானாலும், ஏறுவதற்கு முன் அடிவாரத்தில் இரண்டு இட்லியோடு சாப்பாட்டை நிறுத்திக்கொண்டு, வாந்தி எடுக்கும் பழக்கமுள்ள ஆளை முன் இருக்கையில் அமர்த்தி, கைபேசியைக் கையில் தராமல், சன்னலைச் சற்றே திறந்து வைத்தால் பாதித் தொல்லை தீரும். மாத்திரை தருவதாக இருந்தால் குழந்தையின் வயதைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டு, புறப்படுவதற்கு முன்பே தர வேண்டும். வாந்தி தொடங்கியபின் தருவதால் பயன் குறைவு.

சொந்தக் காரிலோ வாடகை வண்டியிலோ நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்வோருக்கு இ-பாஸ் தேவை. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவின்படி 2024 மே 7 முதல் இந்த முறை நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் வெளியூர் வண்டிகளுக்கு உச்சவரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000. எனவே அறை பதிவு செய்த அன்றே, அந்த ஆண்டின் விதியைப் பார்த்து இ-பாஸுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை; மேட்டுப்பாளையம் வரை ரயிலில் வந்து பேருந்து ஏறுவது பல குடும்பங்களுக்குச் செலவிலும் சுலபம். சீசனில் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதை அறிவிப்பதும் வழக்கம். கோத்தகிரியில் அறை எடுத்தவர்கள் இதைக் கருத்தில்கொண்டு நேரத்தைக் கூட்டிக் கணக்கிட வேண்டும். மைசூரு பக்கத்திலிருந்து வருவோர், பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்பட்டிருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

நீலகிரி மலை ரயிலில் ஏறியே தீர வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7 மணியளவில் கிளம்பும் வண்டி 46 கிலோமீட்டரைக் கடந்து ஊட்டி சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பற்சக்கரம் பல் தண்டவாளத்தைக் கவ்விக் கவ்வி ஏறுவதைச் சன்னல் வழியே கேட்டுக்கொண்டே போகலாம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் அதை ரசிப்பார்கள். ஆனால் கைக்குழந்தையோடு அத்தனை நேரம் நெருக்கி உட்கார்ந்திருப்பது கடினம். அவர்கள் குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே மட்டும் ஏறினால் போதும். முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கும். சீசனில் உடனே தீர்ந்துவிடும்.

அறையைப் பற்றி விடுதிக்கு நேரடியாகத் தொலைபேசியில் பேசுவதே சிறந்தது. வண்டி நிற்கும் இடத்திலிருந்து அறைக்கு எத்தனை படிகள், வெந்நீர் நாள் முழுதும் வருமா அல்லது காலையில் இரண்டு மணி நேரம் மட்டுமா, கூடுதல் போர்வை உண்டா, குழந்தைக்குப் பால் காய்ச்சவும் கஞ்சி வைக்கவும் இடம் உண்டா என்று கேளுங்கள். மலை விடுதிகளில் படிகள்தான் முதியவர்களின் எதிரி. சரிவில் கட்டிய காட்டேஜ்களில் சாப்பாட்டுக் கூடத்துக்கே நாற்பது படி இறங்க வேண்டியிருக்கலாம். பள்ளத்தாக்குக் காட்சிக்காகக் கூடுதல் பணம் தருவதை விட, தரைத்தளத்தில் வெயில் படும் அறையைக் கேட்டு வாங்குவது மேல்.

பெட்டியில் ஆளுக்கொரு ஸ்வெட்டர், முதியவருக்கும் குழந்தைக்கும் காது மூடும் குல்லா, காலுறை, குடை, வழக்கமான மருந்துகள் ஆகியவை போதும். தொப்பியும் வேண்டும், காற்று சில்லென்று இருப்பதால் தெரியாவிட்டாலும், உயரத்தில் வெயில் தோலை விரைவாகவே கறுக்கச் செய்யும். நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் தண்ணீருக்கு எஃகுப் பாட்டில்களை எடுத்துச் செல்ல வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு இடங்களுக்கு மேல் பார்க்கத் திட்டமிட வேண்டாம்.

இறங்கும் நாளன்று காலைச் சிற்றுண்டியை முடித்ததும் கிளம்பிவிட்டால், பிற்பகல் மழையும் மாலை நெரிசலும் வருவதற்குள் அடிவாரத்தை அடைந்துவிடலாம். ஓட்டுபவர் ஏறியபோது போட்ட அதே தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும்; பிரேக்கையே நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகக்கூடும். வளைவில் ஏறி வரும் வண்டிக்கே முதலில் வழிவிட வேண்டும்.