எறும்பு ஏறும் செடியில் அசுவினி: மருந்தை எடுக்கும் முன்

கொழுந்து சுருண்டு, கீழ் இலைகள் பிசுபிசுத்து, தண்டில் எறும்புச் சாரை மேலும் கீழும் ஓடினால் பெரும்பாலும் அது அசுவினி என்ற, சாறு உறிஞ்சும் சிறு பூச்சிதான். மாவுப்பூச்சியும் வெள்ளை ஈயும் இதே பிசுக்கை விடும் என்பதால் இலையைத் திருப்பிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். உடனே தெளிப்பானைத் தூக்க வேண்டாம். அந்தக் கொழுந்தில் வேறு யாரெல்லாம் குடியிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

வெயில் ஏறும் முன், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸோடு, வெவ்வேறு செடிகளில் 10 கொழுந்துகளைப் பாருங்கள். இலையின் அடியில் மஞ்சள் முட்டைகள் கதிர்போல நட்டுக்கொண்டு கொத்தாக இருந்தால் அவை பொறிவண்டின் முட்டைகள். அதன் புழு, வண்டு போலவே இருக்காது: கருஞ்சாம்பல் உடம்பு, ஆரஞ்சுப் புள்ளிகள், ஆறு கால், குட்டி முதலை மாதிரி. ‘புதுப் பூச்சி’ என்று பலர் நசுக்குவது இதைத்தான். வளர்ந்து முடிவதற்குள் ஒரு புழு சில நூறு அசுவினிகளைத் தின்றுவிடும். மெல்லிய இழையின் நுனியில் தனித்தனியாக நிற்கும் முட்டை கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையது. காலில்லாமல் அட்டை போல ஊர்வது சிர்பிட் ஈயின் புழு. இவை இரண்டின் புழுக்களும் அசுவினியைத் தின்பவைதான்.

லென்ஸ் இல்லாவிட்டால் தவறிப்போவது உப்பிய அசுவினி. உயிருள்ள அசுவினிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் உருண்டு, பழுப்புக் காகிதம் போல விறைத்து, இலையோடு ஒட்டியிருக்கும். உள்ளே ஒட்டுண்ணிக் குளவியின் புழு வளர்கிறது. முதுகில் சீரான வட்டத் துளை தெரிந்தால் குளவி வெளியேறிவிட்டது. துளையின் ஓரம் பிய்ந்திருந்தால், பெரும்பாலும் அந்தக் குளவியையே தின்ற வேறொரு குளவி வந்திருக்கிறது. உப்பிய அசுவினிகள் உள்ள இலைகளைக் கத்தரிக்க நேர்ந்தால் எரிக்காமல் செடியின் அடியிலேயே சில நாள் போட்டு வையுங்கள்.

10-இல் 3, 4 கொழுந்துகளில் இவற்றில் ஏதாவது தென்பட்டால், மருந்து இல்லாமல் ஒரு வாரம் பொறுக்கலாம். இது தோராயக் கணக்குதான். நாற்றுக்கும், வைரஸ் நோய் பரவும் பயிருக்கும் பொருந்தாது.

பொறுத்தும் குறையவில்லையென்றால் பெரும்பாலும் காரணம் எறும்பு. அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக அது காவல் நிற்கிறது. பொறிவண்டுப் புழுவைக் கடித்துத் தள்ளுகிறது. காவலை எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மரமாகவோ தடித்த தண்டாகவோ இருந்தால் 10 சென்டிமீட்டர் அகலத்துக்குத் துணியோ டேப்போ இறுக்கிச் சுற்றி, அதன்மேல் பசை தடவுங்கள். பட்டையில் நேரடியாகத் தடவினால் பட்டை வெந்து போகும். சுவரையோ பக்கத்துச் செடியையோ தொடும் கிளைகளை வெட்டாவிட்டால் எறும்பு அந்த வழியே வந்துவிடும். தூசியும் சருகும் பசைமேல் பாலம் போட்டுவிடுவதால் வாரம் ஒரு முறை பாருங்கள்.

மெல்லிய செடிக்கு விஷ இரை வைக்கலாம்: 100 மில்லி தண்ணீர், 25 கிராம் சர்க்கரை, 1 கிராம் வெண்காரம் (போராக்ஸ்). வெண்காரத்தைக் கூட்டினால் எறும்பு புற்றுக்குப் போகும் முன்பே செத்துவிடும், ராணி தப்பிவிடும். மூடியில் துளையிட்ட டப்பாவில், குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

அடுத்தது தண்ணீர். காலையில் கொழுந்தை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, இலையின் அடிப்பக்கம் படும்படி பீய்ச்சி அடியுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறையாக மூன்று தடவை. விழுந்தவற்றில் பெரும்பாலானவை மேலேறி வருவதில்லை.

இதற்கும் அடங்காவிட்டால் மட்டுமே 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், 1 முதல் 2 மில்லி திரவ சோப்பு. எண்ணெயைச் சோப்போடு முதலில் கலக்கிவிட்டுப் பிறகு தண்ணீர் சேருங்கள். இல்லையென்றால் எண்ணெய் மிதந்து இலையைக் கருக்கும். மாலையில், அசுவினி உள்ள கொழுந்துக்கு மட்டும், முதலில் ஒரு கிளையில் அடித்து ஒரு நாள் பார்த்துவிட்டு. பொறிவண்டுப் புழுவுக்கும் இது ஆகாது என்பதால் தோட்டம் முழுக்க அடிக்கக் கூடாது.

எல்லாப் பூச்சியையும் கொல்லும் மருந்தின் விளைவு பழைய கதை. 1880-களின் இறுதியில் ஆஸ்திரேலியாவிலிருந்து போன ஒரு பொறிவண்டு கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோப்புகளைச் செதில்பூச்சியிடமிருந்து மீட்டது. 1940-களில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லியை அடித்ததும் வண்டு செத்தது, செதில்பூச்சி திரும்பியது. அசுவினியிலும் அப்படித்தான்: ஆணின் துணையில்லாமலேயே குட்டி போடுவதால் அது சில நாளில் மீண்டுவிடும், அதைத் தின்பவை மீள வாரக்கணக்கு ஆகும்.

யூரியாவைக் கூடுதலாகப் போட்டால் கொழுந்து சதைப்பற்றாகி அசுவினிக்கு விருந்தாகும். அளவைக் குறைத்து, பிரித்துப் போடுங்கள். ஓரமாகக் கொஞ்சம் கொத்தமல்லியோ சோம்போ பூக்க விடுங்கள். குளவிக்கும் சிர்பிட் ஈக்கும் வாய் குட்டை. ஆழமில்லாத அந்தப் பூக்களில்தான் அவற்றுக்குத் தேன் எட்டும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு பிடி விதைத்தால் பூ விட்டுப்போகாது.

ஏழாம் நாள் அதே 10 கொழுந்துகளைப் பாருங்கள். பழைய இலைகளில் அசுவினி மிச்சமிருந்தாலும் பரவாயில்லை. புதிதாக விரியும் இலை சுருளாமல் நேராக வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.