கோடை விருந்துக்கு ஒரு கிண்ணம் டிப்: நம் கடற்கரையிலிருந்து கனடா போகிறவர்களுக்கு

கனடாவில் மிசிசாகா நகரில் எனக்கு இது 11ஆவது வருடம். விடுமுறைக்குக் கீழக்கரை வந்திருக்கிறேன். அக்கா மகள் மே மாதம் கணவரிடம் கனடா போகிறாள். அவள் பெட்டியில் நம் ஊர் இனிப்பான தொதலும் குண்டு மிளகாய்த் தூளும் ஏறியாகிவிட்டது. நேற்று அடுப்படியில் வந்து நின்று, "சாச்சி, அங்கே யாராவது விருந்துக்குக் கூப்பிட்டால் என்ன செய்து கொண்டு போறது?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதை, இந்த வருடம் நம் கரையிலிருந்து போகிற எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

விருந்துக்கு அழைத்தவர் வீட்டுக்கு நாம் சமைத்துக் கொண்டு போனால், நம் பக்கம் அந்த வீட்டாருக்கு மனசு சங்கடப்படும். அங்கே 'பாட்லக்' என்று சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆளுக்கொரு பண்டம் கொண்டு வந்து நடுவில் வைத்து எல்லோரும் எடுத்துக்கொள்வது வழக்கம். ஜூன், ஜூலையில் பூங்காவிலும் வீட்டுப் பின்கட்டிலும் வாராவாரம் நடக்கும். பிரியாணி செய்து தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று இல்லை. வெயில் நேரத்தில் முதலில் காலியாவது, குளிர்ந்த டிப்பும் அதைத் தொட்டுச் சாப்பிட நறுக்கி வைத்த காய்களும்தான். சைவம் சாப்பிடுகிறவர், ஹலால் பார்க்கிறவர், குழந்தைகள் எல்லோரும் ஒரே கிண்ணத்துக்கு வரலாம் என்பதால் எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

டிப் என்றால் பயப்படாதீர்கள். நம் தயிர்ப் பச்சடியில் தண்ணீரை எடுத்துவிட்டால் அதுதான். ஆனால் அந்தத் தண்ணீரை எடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் வருடம் நான் நம் ஊர்ப் பச்சடியை அப்படியே செய்து கொண்டு போனேன். அரை மணி நேரத்தில் வெள்ளரி தண்ணீர் விட்டு மோராகிவிட்டது. கேரட்டைத் தொட்டால் ஒன்றும் ஒட்டவில்லை. அன்று கிண்ணத்தை நிறையவே திருப்பிக் கொண்டு வந்தேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

சரி, செய்முறை. பத்துப் பேருக்கு ஒரு கிலோ கெட்டித் தயிர் வேண்டும். கடையில் 'ப்ளெய்ன்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்திலேயே அதே மாதிரி டப்பாவில் வெனிலா தயிர் இருக்கும், அது இனிப்பு. 'பால்கன் ஸ்டைல்' என்று ஒன்று கிடைக்கும், நம் வீட்டில் உறையூற்றுகிற தயிர் மாதிரி இருக்கும். கொழுப்பு எடுத்ததை வாங்காதீர்கள், வழுவழுப்பு வராது. வாங்கும்போது பின்பக்கம் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்றும் படித்துவிடுங்கள். சில தயிரிலும், புளிக்கவைத்த பாலேடான சவர் கிரீமிலும் ஜெலட்டின் கலந்திருக்கும். அது விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது, பன்றியாகவும் இருக்கலாம். வேறு டிப்புகளில் சேர்க்கிற மயோனைஸில் முட்டை உண்டு. வூஸ்டர்ஷயர் சாஸில் நெத்திலி வகை மீன் சேர்ப்பார்கள். இதெல்லாம் நமக்கு மட்டும் இல்லை, சாப்பிட வருகிறவர்களுக்கும் தெரிய வேண்டியது.

முதல் நாள் இரவே தயிரைச் சுத்தமான மல் துணியில் கட்டி, வடிதட்டில் வைத்து, அடியில் ஒரு சட்டி கொடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெளியே தொங்கவிட்டால் புளித்துப் போகும். காலையில் பார்த்தால் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கி, வெண்ணெய் மாதிரி நிற்கும். வடிந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம், சப்பாத்தி மாவு பிசைய நன்றாக இருக்கும்.

அடுத்தது வெள்ளரி. விதைப் பகுதியை வழித்துவிட்டுத் துருவி, அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுப் பிசறி 20 நிமிடம் விடுங்கள். மீனுக்கு உப்பிட்டுக் கருவாடு போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உப்பு உள்ளே இருக்கிற தண்ணீரை இழுத்து வெளியே கொண்டு வந்துவிடும். பிறகு கையால் ஒட்டப் பிழியுங்கள். ஒரு பிடிதான் மிஞ்சும், மிஞ்சட்டும். கீரை போடுவதாக இருந்தால் உறைந்த பசலைக்கீரைப் பொட்டலத்தை இளகவைத்து இதே மாதிரி பிழிய வேண்டும்.

பிழிந்த வெள்ளரி, துருவிய கேரட் ஒன்று, பொடியாக அரிந்த வெங்காயத்தாள் இரண்டு, நசுக்கிய பூண்டு ஒரு பல், மிளகுத்தூள், எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, கொஞ்சம் புதினா. எல்லாவற்றையும் தயிரில் கலந்து குறைந்தது இரண்டு மணி நேரம் குளிரவிடுங்கள். கலந்தவுடன் ருசி பார்த்து உப்பைக் கூட்டாதீர்கள். ஊறினபிறகுதான் சரியான ருசி தெரியும். மேலே நல்லெண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, நன்றாக ஆறவிட்டு ஊற்றலாம். குண்டு மிளகாயை வறுத்து நொறுக்கி ஒரு சிட்டிகை தூவினால் நிறமும் மணமும் வரும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர் மிளகாய் இது, யாராவது கேட்டால் சொல்லுங்கள். குழந்தைகள் இருந்தால் மட்டும் அதைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.

அங்கே பலர் வீட்டில் வேறு மாதிரி செய்வார்கள். சவர் கிரீமில் வெங்காய சூப் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டிக் கலக்குவது. 1954இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய பழக்கம் அது. அவசரத்துக்கு நல்லது, ஆனால் உப்பு அதிகம்.

காய்களை விரல் நீளத்துக்கு நறுக்கிப் பனிக்கட்டித் தண்ணீரில் போட்டு எடுத்தால் மொறுமொறு என்று இருக்கும். கேரட், குடைமிளகாய், செலரி போதும். ப்ரோக்கோலியைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுங்கள். நம் தட்டையும் டிப்புக்கு அருமையாகச் சேரும். அப்பளம் வேண்டாம், நமுத்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கனடாதானே, குளிர்தானே என்று நினைக்காதீர்கள். ஜூலையில் 30 டிகிரி சாதாரணமாக வரும். பால் பண்டம் 4 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல், கடும் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்ததைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள். பெரிய தட்டில் பனிக்கட்டி பரப்பி அதன்மேல் கிண்ணத்தை வைத்தால் நல்லது. பாதியை மட்டும் வெளியே வைத்து, மீதியைக் குளிர்ப்பெட்டியிலேயே விடுங்கள்.

அப்புறம், கடித்த கேரட்டை மறுபடி கிண்ணத்தில் தொடக் கூடாது. கரண்டியால் தன் தட்டில் எடுத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் ஒரு சீட்டில் என்னென்ன போட்டீர்கள் என்று எழுதி வையுங்கள். பால் ஒவ்வாதவர்கள் அங்கே நிறைய.

இன்று காலை இதை இங்கேயே செய்து பார்த்தோம். அவள் துணியை அவிழ்த்து, கெட்டியான தயிரைப் பார்த்துவிட்டு அளவையெல்லாம் போனில் குறித்துக்கொண்டாள். உம்மா ஒரு கேரட் துண்டால் தொட்டுப் பார்த்துவிட்டு, நெய்ச்சோற்றுக்கு இது நன்றாக இருக்குமே என்றார். மதியம் அதற்கே வைத்துவிட்டோம்.