போர்க்கால விமானப் படங்களை அடையாளம் கண்டு அருங்காட்சியகத்துக்கு அளித்தல்: தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் தமிழ்க் குடும்பங்களின் பழைய ஆல்பங்களில் இரண்டாம் உலகப் போர்க்கால விமானப் படங்கள் கிடைப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, இந்திய மலாய்ப் படைப்பிரிவில் சேர்ந்து, ஆயுதம் ஏந்த அனுமதி இல்லாமல், லாரி ஓட்டுநராகவும் காயம்பட்டோரைத் தூக்கிச் செல்பவராகவும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் போய் வந்தவர்கள் கொண்டுவந்த படங்கள். இரண்டாவது, அந்த ஆண்டுகளில் இந்நாட்டிலேயே விமானங்கள் மிகுந்திருந்தன. 1940 முதல் 1945 வரை நடந்த கூட்டு விமானப் பயிற்சித் திட்டத்தில் 33,000-க்கும் மேற்பட்ட விமானப் பணியாளர்கள் இங்கே பயிற்சி பெற்றார்கள். டர்பன் துறைமுகத்தின் காங்கெல்லா கரையிலிருந்து நீரிலேயே இறங்கி ஏறும் விமானங்களான கேட்டலினா பறக்கும் படகுகள் நீர்மூழ்கிகளைத் தேடிக் கடலுக்கு மேல் சென்றன.

இத்தகைய படங்களைக் கொடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் விமானத்தின் பெயரைக் கண்டுபிடிப்பதில்தான் எல்லா உழைப்பையும் செலவிடுகிறார்கள். அது வேண்டியதுதான் என்றாலும், விமானத்தின் பெயரை அருங்காட்சியகத்தில் இருப்பவர்கள் ஒரு பார்வையிலேயே சொல்லிவிடுவார்கள். அதன் அருகில் நிற்கும் மனிதர் யார், எந்த ஊர்க்காரர், எந்த ஆண்டில் அங்கே இருந்தார் என்பதை உங்கள் குடும்பத்தைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது. எனவே வேலையைப் படத்தின் முன்பக்கத்திலிருந்து அல்லாமல் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

ஆல்பத்தைக் கலைப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் இருக்கிறபடியே கைபேசியில் படமெடுத்துக் கொள்ளுங்கள். எந்தப் படத்துக்கு அடுத்து எந்தப் படம் ஒட்டப்பட்டிருந்தது என்ற வரிசையே ஒரு சான்று. கறுப்புத் தாளில் பசையால் ஒட்டிய படங்களைப் பிய்த்தெடுக்க வேண்டாம். மூலைச் செருகிகளில் நிற்கும் படங்களை மட்டும் மெதுவாக எடுத்து, பின்புறத்தில் உள்ள கையெழுத்து, ஸ்டுடியோ முத்திரை, தணிக்கை முத்திரை, தாள் நிறுவனத்தின் பெயர் ஆகிய அனைத்தையும் எழுதி வையுங்கள்.

பின்புறத்தில் தமிழில் எழுதியிருந்தால் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே படித்துவிட வேண்டும், ஏனெனில் படத்தைப் பெறும் அலுவலர்களுக்கு அது பெரும்பாலும் புரியாது. எழுதியபடியே ஒரு பிரதியும் ஆங்கிலத்தில் பொருளும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. தேதிக்குப் பதிலாகத் தமிழ் ஆண்டின் பெயர் இருந்தாலும் கவலையில்லை. விக்கிரம 1940 ஏப்ரல் நடுவிலும், விஷு 1941-இலும், சித்திரபானு 1942-இலும், சுபானு 1943-இலும், தாரண 1944-இலும், பார்த்திப 1945-இலும் தொடங்கின. சித்திரபானு ஆண்டு தை மாதம் என்றிருந்தால் அது 1943 ஜனவரி, பிப்ரவரி என்பதை மறந்துவிடக் கூடாது.

அடுத்து விமானத்தின் உருவம். இறக்கை ஓரடுக்கா ஈரடுக்கா, எஞ்சின்கள் எத்தனை, எஞ்சினின் முகப்பு வட்டமாக அகன்றிருக்கிறதா கூராக நீண்டிருக்கிறதா, நிமிர்ந்த வால் இறகு ஒன்றா இரண்டா, சக்கரங்கள் உள்ளே மடங்குமா என்ற ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதினாலே பெரும்பாலான விமானங்கள் பிடிபட்டுவிடும். உள்நாட்டுப் படங்களில் அடிக்கடி காணப்படுபவை சில வகைகளே. ஈரடுக்கு இறக்கையும் திறந்த இருக்கைகள் இரண்டும் கொண்ட சிறிய விமானம் பெரும்பாலும் டைகர் மாத். வட்ட முகப்பு எஞ்சின் ஒன்றும், ஓரடுக்கு இறக்கையும், முன்னும் பின்னுமாக இருவர் அமரும் நீண்ட கண்ணாடிக் கூண்டும் கொண்டது ஹார்வர்ட். இரண்டு எஞ்சின்களும் உடலின் பக்கவாட்டில் நீளமான சன்னல் வரிசையும் ஒற்றை வால் இறகும் இருந்தால் ஆன்சன். இரண்டு எஞ்சின்களோடு பருத்த வயிறும் இரட்டை வால் இறகும் இருந்தால் கடற்கரைக் காவலுக்குப் பறந்த வெஞ்சுராவாக இருக்க வாய்ப்பு மிகுதி.

டர்பன் துறைமுகப் படங்களுக்குத் தனிக் கவனம் தேவை. உடலுக்கு மேலே ஒரு தூணின் மீது நிற்கும் அகன்ற இறக்கையும், பின்பகுதியின் இருபுறமும் கொப்புளம் போன்ற கண்ணாடிச் சன்னல்களும் இருந்தால் அது கேட்டலினா. பிரிட்டிஷ் விமானப்படையின் 262-ஆம் படையணி அவற்றைக் காங்கெல்லாவிலிருந்தும் செயின்ட் லூசியா ஏரியிலிருந்தும் இயக்கியது. 1945 பிப்ரவரியில் அது தென்னாப்பிரிக்க விமானப்படையின் 35-ஆம் படையணியாக மாறி, பின்னர் சண்டர்லாண்ட் படகுகளைப் பெற்றது. சண்டர்லாண்டுக்கு நான்கு எஞ்சின்கள். இங்கேதான் பலரும் தடுமாறுவார்கள்: அதே ஷார்ட் நிறுவனம் கட்டிய, அதே நான்கு எஞ்சின் உருவம் கொண்ட எம்பயர் வகைப் பயணிகள் படகுகளும் டர்பனுக்கு வந்து போயின. சண்டர்லாண்டின் மூக்கிலும் வால் நுனியிலும் துப்பாக்கிக் கூண்டுகள் உண்டு. பயணிகள் படகுக்கு அவை கிடையா, உடலில் பெரிய பதிவெழுத்துகள் இருக்கும்.

ஜெர்மானிய உருவம் தெரிந்தவுடன் எதிரி விமானம் என்று எழுதிவிட வேண்டாம். தென்னாப்பிரிக்க ஏர்வேஸ் போருக்கு முன்பே யுங்கர்ஸ் 52, யுங்கர்ஸ் 86 ஆகியவற்றை வாங்கி வைத்திருந்தது. போர் மூண்டதும் அவை விமானப்படைக்குச் சென்றன. இரட்டை வால் இறகு கொண்ட யுங்கர்ஸ் 86, கிழக்கு ஆப்பிரிக்காவில் இத்தாலியரின் மீது குண்டு வீசவே பயன்பட்டது. இறக்கையிலும் உடலிலும் உள்ள அடையாளத்தைப் பார்த்த பிறகே அது எந்தத் தரப்பின் விமானம் என்று முடிவு செய்ய வேண்டும்.

அந்த அடையாளங்களைப் படிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. அக்காலத்தில் பரவலாகப் புழங்கிய ஒருவகைக் கறுப்பு வெள்ளைப் பிலிமுக்குச் சிவப்பு நிறம் தெரியாது. ஆகவே அதில் சிவப்பும் ஆரஞ்சும் கறுப்பாகவும், மஞ்சள் அடர்ந்த சாம்பலாகவும், நீலம் வெளிறியும் விழும். பிரிட்டிஷ் வட்ட அடையாளத்தின் நடுவில் சிவப்பும், தென்னாப்பிரிக்க விமானங்கள் பலவற்றில் அதே இடத்தில் ஆரஞ்சும் இருந்தன. இந்த வேறுபாட்டைக் கறுப்பு வெள்ளைப் படத்தில் கண்ணால் பிரிக்க முயல்வது வீண். வட்டத்தின் அருகிலுள்ள எழுத்துகளையும் எண்ணையும் நம்புவதே சரி. பிரிட்டிஷ் வரிசை எண் ஆங்கில எழுத்தில் தொடங்கும், தென்னாப்பிரிக்க விமானத்தினதோ வெறும் எண்ணாக இருக்கும்: 7-இல் தொடங்கும் நான்கு இலக்கம் ஹார்வர்டுக்கும், 6-இல் தொடங்குவது வெஞ்சுராவுக்கும் உரியவை. பாலைவனப் படங்களில் பெரிய எழுத்துகள் படையணியைக் காட்டும். ‘ஏ எக்ஸ்’ (AX) தென்னாப்பிரிக்க 1-ஆம் படையணி, ‘டி பி’ (DB) 2-ஆம் படையணி, ‘ஜி எல்’ (GL) 5-ஆம் படையணி. அமெரிக்க நட்சத்திரத்தின் நடுவில் சிவப்புப் புள்ளி இருந்தால் 1942-இன் நடுப்பகுதிக்கு முந்தியது; இருபுறமும் பட்டைகள் இருந்தால் 1943 ஜூனுக்குப் பிந்தியது.

போர்க்காலப் படம் என்று வீட்டில் சொல்லப்படுவதெல்லாம் போர்க்காலப் படமாக இருப்பதில்லை. ஹார்வர்டுகள் 1995 வரை இந்நாட்டு விமானப்படையில் பறந்தன. வட்டத்தின் நடுவே ஸ்பிரிங்பாக் மான் இருந்தால் அது போருக்குப் பிந்தைய படம் என்பது உறுதி. அதேபோல், தாத்தாவின் ஆல்பத்தில் இருக்கிறது என்பதால் அவரே எடுத்தார் என்றும் ஆகிவிடாது. கெய்ரோ போன்ற ஊர்களில் படத் தொகுப்புகள் வீரர்களுக்கு விற்கப்பட்டன, நண்பர்கள் பிரதிகளை மாற்றிக் கொண்டார்கள். அழகாக விழுந்த வான் சண்டைக் காட்சியைவிட, நொறுங்கிக் கிடக்கும் ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் விமானத்தின் மீது சாய்ந்து நிற்கும் நான்கு ஓட்டுநர்களின் மங்கலான படம்தான் என் கணிப்பில் பல மடங்கு அரியது. அத்தகைய படத்தில் முகங்களுக்கு இடமிருந்து வலமாக எண் கொடுத்து, தெரிந்த பெயரை எழுதி, யார் சொல்லித் தெரிந்தது என்பதையும் குறிப்பிடுங்கள். உறுதியாகத் தெரிந்ததையும் ஊகத்தையும் ஒரே வரியில் கலக்க வேண்டாம்.

ஆல்பம் 1942 ஜூனோடு திடீரென நின்றுவிட்டால், உரியவர் லிபியாவின் டோப்ருக்கில் சிறைப்பட்டவரா என்று விசாரியுங்கள். அம்மாதம் 21-ஆம் தேதி அங்கே தென்னாப்பிரிக்க இரண்டாம் டிவிஷன் சரணடைந்தது. படைவிடுப்புச் சான்றிதழில் உள்ள எண்ணைக் கொண்டு பாதுகாப்புத் துறையின் ஆவணக் காப்பகத்தில் அவருடைய பணிப் பதிவைக் கேட்டுப் பெறலாம். கேட்டோ மேனரிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டபோது எத்தனையோ வீட்டுக் காகிதங்கள் அழிந்தன என்பதால், ஒரு கிளையில் இல்லாத சான்றிதழ் சாட்ஸ்வொர்த்தில் உள்ள சித்தப்பா வீட்டில் இருக்கக்கூடும்.

படங்களைத் துடைக்கவோ, நீரில் நனைக்கவோ, கிழிசலை செலோடேப்பால் ஒட்டவோ கூடாது. பின்புறத்தில் எழுத வேண்டுமானால் மென்மையான பென்சிலால் ஓரத்தில் மட்டும் எழுதுங்கள். டர்பனின் ஈரக்காற்றும் இராமபாணப் பூச்சியும் பழைய தாளுக்குப் பகை; அமிலமற்ற உறைகளில் இட்டு, குளியலறைச் சுவரை ஒட்டாத உள் அறையில் வையுங்கள். ஸ்கேன் செய்யும்போது சிறிய படங்களுக்கு அங்குலத்துக்கு 600 புள்ளிகளாவது தேவை. இரு பக்கங்களையும் செய்து டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். நெகட்டிவ்கள் இருந்தால் அவற்றின் ஓரத்தைப் பாருங்கள். ‘சேஃப்டி’ என்ற சொல் இல்லாமல், மஞ்சளித்து ஒட்டிக்கொள்ளும் பழைய நெகட்டிவ் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் வகையாக இருக்கலாம். அதைத் தனியே, குளிர்ந்த இடத்தில் வைத்து, அஞ்சலில் அனுப்பாமல் நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

எந்த நிறுவனம் என்பது ஆல்பத்தின் உள்ளடக்கத்தைப் பொறுத்தது. விமானங்களும் விமான நிலையங்களுமே மிகுதி என்றால் பிரிட்டோரியாவின் ஸ்வார்ட்காப் தளத்தில் உள்ள விமானப்படை அருங்காட்சியகம் பொருத்தமானது. பாலைவனப் போர், லாரிகள், முகாம்கள் என்று இருந்தால் ஜோகன்னஸ்பர்க் சாக்ஸன்வோல்டில் 1947-இல் திறக்கப்பட்ட டிட்சாங் தேசிய இராணுவ வரலாற்று அருங்காட்சியகத்தை அணுகலாம்; உண்மையான ஹரிக்கேன், ஹார்ட்பீஸ் முதலிய விமானங்கள் அங்கே நிற்பதால், உங்கள் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் உதவும். மனிதர்களும் குடும்பமுமே முதன்மை என்றால் டர்பனின் 1860 மரபு மையமோ, குவாசுலு நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி லுத்துலி ஆவண மையமோ நல்ல இடம். விமானப் படங்களை ஓரிடத்துக்கும் குடும்பப் படங்களை வேறிடத்துக்கும் பிரித்துக் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன்; மூல ஆல்பம் முழுவதும் ஓரிடத்துக்கும், ஸ்கேன் பிரதிகள் மற்றோரிடத்துக்கும் போகட்டும். விமானப் படங்களை மட்டும் உருவி எடுத்து விலை பேசும் சேகரிப்பு வணிகருக்கு ஆல்பத்தைக் காட்டவே வேண்டாம்.

மூலப் படங்களைத் தூக்கிக்கொண்டு முன்னறிவிப்பின்றி அருங்காட்சியக வாசலில் நிற்காமல், முதலில் ஒரு பக்கக் கடிதமும் பட்டியலும் சில மாதிரிப் படங்களும் அனுப்புங்கள். ஆல்பத்தைப் பிரிக்காமல் வைப்பார்களா, அன்பளிப்பவரின் பெயர் பதிவாகுமா, குடும்பத்தினர் பிரதி பெற முடியுமா, தங்களுக்கு வேண்டாதவற்றை என்ன செய்வார்கள் என்று எழுத்து மூலம் கேளுங்கள். அன்பளிப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டால் உடைமை மாறிவிடும், திரும்பக் கேட்க முடியாது. ஆகவே அண்ணன் தம்பி, அக்கா தங்கை அனைவரின் சம்மதமும் அதற்கு முன்பே எழுத்தில் இருக்கட்டும். ஒருவர் தயங்கினால் அவசரப்படாமல் ஸ்கேன் பிரதிகளை மட்டும் இப்போது கொடுக்கலாம்.

பதிப்புரிமை பெரிய தடையன்று. 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியிடப்படாத புகைப்படத்துக்கு எடுக்கப்பட்ட ஆண்டின் முடிவிலிருந்து 50 ஆண்டுகள் கழிந்தால் உரிமை தீர்ந்துவிடுகிறது. ஆனால் மூலப் படங்களை லண்டன் அருங்காட்சியகம் ஏதேனும் ஒன்றுக்கு அனுப்ப எண்ணினால், 1999-ஆம் ஆண்டுத் தேசிய மரபுவளச் சட்டத்தின்கீழ் ஏற்றுமதி அனுமதி தேவையா என்று தென்னாப்பிரிக்க மரபுவள முகமையிடம் முதலில் கேட்டறிய வேண்டும்.

ஆல்பத்தைத் தடித்த அட்டைகளுக்கு நடுவில் வைத்து, ரப்பர் பட்டை போடாமல் பருத்தி நாடாவால் கட்டி, கூடுமானவரை நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒப்படைத்த அன்றே பெற்றுக்கொண்டதற்கான சீட்டையும், பின்னர் அவர்கள் தங்கள் பதிவேட்டில் ஆல்பத்துக்கு இடும் சேர்க்கை எண்ணையும் வாங்கி, ஸ்கேன் கோப்புகளோடு சேர்த்து வையுங்கள். பேரப்பிள்ளைகள் என்றாவது ஒரு பிரதி கேட்டால், அலுவலர்கள் அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.