மாட்டு மந்தையில் பாக்டீரிய இனப்பெருக்க நோய்கள்: கண்டறிதலும் தடுப்பும் பற்றிய செய்முறை விளக்கம்

மாடுகள் சினை பிடிக்காமல் போவதற்கும் பிடித்த சினை கலைவதற்கும் தீவனக் குறைபாடு, வெப்ப அயர்ச்சி, கருவூட்டல் நேரம் தவறுதல் எனப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றுள் பாக்டீரியாக்களால் வரும் நோய்கள் தனிக் கவனம் கோருகின்றன. ஏனெனில், நோயைச் சுமக்கும் மாடு பெரும்பாலும் நன்றாகத் தின்று, நன்றாகக் கறந்து, பார்வைக்குக் குறையேதும் இல்லாமல் மந்தையில் நிற்கும். மாடு வளர்ப்புக்குப் புதியவர்கள் முதலில் பதிவேடு, அடுத்து மாதிரி, அதன் பிறகே மருந்து என்ற வரிசையைப் பின்பற்ற வேண்டும். நடைமுறையில் இது தலைகீழாகவே நடக்கிறது. கன்று வீசியவுடன், அதாவது சினை கலைந்து கன்று வெளியே விழுந்தவுடன், ஆன்டிபயாட்டிக் ஊசி போடப்படுகிறது. பின்னர் அந்த மாட்டிடமிருந்து எடுக்கும் மாதிரியில் கிருமி வளர்வதில்லை. காரணம் தெரியாமலேயே அடுத்த மாடும் கன்று வீசுகிறது.

படி 1: பதிவேட்டைத் தொடங்குதல்

ஒவ்வொரு மாட்டுக்கும் காதுவில்லை எண்ணுடன் ஒரு பக்கம் ஒதுக்கி, கன்று ஈன்ற நாள், பருவத்திற்கு வந்த நாட்கள், எந்தக் காளையுடன் அல்லது எந்த விந்துக் குச்சியால் சினைப்படுத்தப்பட்டது, சினைப் பரிசோதனையின் முடிவு, நஞ்சுக்கொடி விழ எடுத்துக்கொண்ட நேரம், கருப்பைக் கசிவின் நிறமும் வாடையும் ஆகியவற்றை எழுதி வாருங்கள். பசுவின் பருவச் சுழற்சி சராசரியாக 21 நாட்கள். 18 முதல் 24 நாட்கள் வரை இயல்பானது. சினைக்காலம் ஏறத்தாழ 280 நாட்கள். இந்த அளவுகளிலிருந்து எந்த மாடு, எப்போது விலகுகிறது என்பதுதான் முதல் தடயம்.

பெரிய மந்தைகளில் உறுதி செய்யப்பட்ட சினைகளில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு கலைவதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 3 முதல் 5 விழுக்காட்டைத் தாண்டினால் விசாரணை தொடங்க வேண்டும் என்பர். ஆனால் எட்டு மாடு வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு உதவாது. ஒரு மாடு கன்று வீசினாலே 12.5 விழுக்காடு ஆகிவிடும்! ஆகவே சிறு மந்தையில், வேறு காரணம் உறுதியாகும் வரை ஒவ்வொரு கருச்சிதைவையும் தொற்று என்றே கருதிச் செயல்படுவது நல்லது.

படி 2: இழப்பு நேர்ந்த காலத்தை வாசித்தல்

சினை எந்த மாதத்தில் கலைந்தது என்பது காரணத்தைப் பெருமளவு சுட்டிக்காட்டும். இந்தப் படியை அவசரப்படாமல் செய்ய வேண்டும்.

இயற்கை இனச்சேர்க்கை நடக்கும் மந்தையில் பல மாடுகள் சினை பிடித்ததுபோல் இருந்துவிட்டு, 21 நாட்களில் வராமல் 30, 35 அல்லது 40 நாட்கள் கழித்துத் திரும்பப் பருவத்திற்கு வந்தால், காம்பிலோபாக்டர் ஃபீடஸ் கிருமியின் வெனரியாலிஸ் வகையை ஐயுற வேண்டும். கரு உருவாகிச் சில வாரங்களில் இறந்து கரைந்துவிடுவதால் வெளியே எதுவும் தெரிவதில்லை. அரிதாக நான்கு முதல் ஆறு மாதத்தில் கன்று வீசுவதும் உண்டு. இக்கிருமி காளையின் ஆண்குறி உறையிலுள்ள நுண்ணிய மடிப்புகளில் வாழ்கிறது. வயது கூடக் கூட அம்மடிப்புகள் ஆழமாவதால், நான்கு வயதைத் தாண்டிய காளைகளே நிலையான கடத்திகளாகின்றன. காளைக்கோ எந்த நோய்க்குறியும் இருக்காது, விந்தின் தரமும் கெடாது. அதனால்தான் குற்றம் பெரும்பாலும் மாடுகளின் மீதே சுமத்தப்படுகிறது.

ஐந்தாம் மாதத்திற்குப் பின், குறிப்பாக ஏழாம் மாதம் வாக்கில் கன்று வீசி, நஞ்சுக்கொடியும் தங்கிவிட்டால் முதலில் நினைக்க வேண்டியது புருசெல்லா அபார்டஸ். கன்று வீச்சு நோய் எனப்படும் இதன் கிருமியை 1897இல் டென்மார்க்கின் பெர்ன்ஹார்ட் பாங் கண்டறிந்தார். சினைக்காலத்தின் பிற்பகுதியில் பசுவின் நஞ்சுக்கொடியில் எரித்ரிட்டால் என்னும் சர்க்கரை ஆல்கஹால் மிகுந்திருக்கிறது. அது கிருமியின் பெருக்கத்திற்குத் துணைபுரிகிறது. சிதைவு பிற்பகுதியில் நேர்வதற்கும், வீசப்பட்ட கன்றும் நஞ்சுக்கொடியும் கணக்கற்ற கிருமிகளைச் சுமந்து வருவதற்கும் இதுவே முக்கியக் காரணமாகக் கூறப்படுகிறது. பெரும்பாலான மாடுகள் ஒருமுறை மட்டுமே கன்று வீசிவிட்டு அடுத்த ஈற்றில் இயல்பாக ஈனுகின்றன. ‘குணமாகிவிட்டது’ என்று வளர்ப்பவர் நம்பினாலும், அந்த மாடு ஒவ்வொரு ஈற்றின்போதும் கிருமியை வெளியேற்றக்கூடும், பாலிலும் விடக்கூடும். காளைக்கு விரை வீக்கமும், நாள்பட்ட நோயில் முழங்காலில் நீர் கோத்த வீக்கமும் காணப்படலாம்.

பிற்பகுதிச் சிதைவுடன் பால் திடீரெனக் குறைந்து, நான்கு மடிக் காம்புகளிலும் சீம்பால் போன்று கெட்டியான மஞ்சள் பால் வந்து, மடி மட்டும் வீக்கமின்றித் தளர்ந்திருந்தால், லெப்டோஸ்பைரா கிருமியின் ஹார்ட்ஜோ வகையை எண்ண வேண்டும். இது சிறுநீரகத்தில் தங்கிச் சிறுநீர் வழியே பரவுகிறது. தேங்கிய நீரும் ஈரமான தரையும் அதற்கு உகந்தவை. எலி போன்ற பிற விலங்குகள் சுமக்கும் வகைகளும் மாட்டைத் தொற்றும். காய்ச்சல் வந்து சில வாரங்கள் கழித்தே சிதைவு நேர்வதால், இரண்டையும் தொடர்புபடுத்தப் பதிவேடு இல்லாமல் முடியாது. சரியாகப் புளிக்காத ஊறுகாய்ப்புல் (காற்றுப் புகாமல் புளிக்கவைத்த பசுந்தீவனம்) கொடுத்து வரும் மந்தையில் பிற்பகுதிச் சிதைவு தோன்றினால் லிஸ்டீரியா என்னும் கிருமியையும் ஐயப்பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்; பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) மதிப்பு 5ஐத் தாண்டிய ஊறுகாய்ப்புல்லில் அது பெருகும்.

இனி ஈன்ற பின் வருபவை. ஈன்ற 21 நாட்களுக்குள், பெரும்பாலும் முதல் பத்து நாட்களில், துர்நாற்றமுடைய செம்பழுப்பு நீர்க்கசிவும் காய்ச்சலும் இருந்தால் அது கடுமையான கருப்பை அழற்சி. 21 நாட்களுக்குப் பிறகு காய்ச்சலின்றிச் சீழ் மட்டும் வடிந்தால் அது கருப்பையின் உட்சவ்வு அழற்சி. ஈ.கோலை, ட்ரூபெரெல்லா பயோஜெனிஸ், ஃபியூசோபாக்டீரியம் ஆகியவை இவற்றில் கூட்டாகச் செயல்படுகின்றன. வாடையற்ற கருஞ்சிவப்புக் கசிவு முதல் இரு வாரங்களில் இயல்பானதே. அதற்கு மருந்து வேண்டாம்.

டிரைக்கோமோனஸ் என்னும் ஓரணு உயிரி, நியோஸ்போரா ஒட்டுண்ணி, மாட்டு வைரஸ் கழிச்சல் நோய் ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரக்கூடும். ஆகவே காலம் தரும் குறிப்பு ஐயத்தை எழுப்பப் போதுமானதே தவிர, தீர்ப்புக்குப் போதாது.

படி 3: கன்று வீசிய நாளில் செய்ய வேண்டியவை

புருசெல்லா, லெப்டோஸ்பைரா, லிஸ்டீரியா ஆகிய மூன்றும் மனிதரைத் தொற்றும். ஆகையால் கையுறை, காலணி, முகக்கவசம், கண் பாதுகாப்பு ஆகியவை இல்லாமல் வீசப்பட்ட கன்றையோ நஞ்சுக்கொடியையோ தொடாதீர்கள். கருவுற்ற பெண்கள் அருகில் வரவே கூடாது. மாட்டை உடனே தனியிடத்தில் கட்டி, நாய்களும் மற்ற மாடுகளும் அந்த இடத்தை அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாடுகள் நஞ்சுக்கொடியை முகர்ந்து நக்குவதே புருசெல்லா பரவும் முதன்மை வழியாகும்.

மாதிரி எடுத்த பின் எஞ்சியதைச் சுண்ணாம்பிட்டு ஆழமாகப் புதைக்கலாம் அல்லது எரிக்கலாம். தரையில் கிருமிநாசினி தெளிக்கும் முன் சாணத்தையும் இரத்தத்தையும் வழித்தெடுத்து அகற்ற வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றிய கிருமிநாசினி பெரும்பாலும் வீணே. முடிவு வரும் வரை அந்த மந்தையின் பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்கக் கூடாது. தங்கிய நஞ்சுக்கொடியைக் கையால் பிய்த்து இழுக்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் தொடர்கிறது. அது கருப்பைச் சுவரைக் காயப்படுத்தி அழற்சியை மோசமாக்குவதோடு, இழுப்பவரையும் தொற்றுக்கு ஆளாக்குகிறது.

படி 4: மாதிரிகளைச் சேகரித்தல்

இதைக் கால்நடை மருத்துவரைக் கொண்டு செய்விப்பதே முறை. முடிந்தால் வீசப்பட்ட கன்றை முழுமையாகவும், நஞ்சுக்கொடியைப் பொத்தான் போன்ற திசுக்கட்டிகளோடும் அனுப்ப வேண்டும். முடியாவிடில் கன்றின் இரைப்பை நீர், நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் ஆகியவற்றைத் தனித்தனிக் கலன்களில் எடுத்து, கசியாதபடி இரண்டு உறைகளிட்டு, பனிக்கட்டியுடன் குளிராக அனுப்ப வேண்டும். உறைய விடக் கூடாது. நுண்திசு ஆய்வுக்கான சிறு துண்டுகளை மட்டும் 10 விழுக்காடு ஃபார்மலினில் இடுவார்கள்.

தாயின் இரத்தத்தை உறைவுத் தடுப்பான் இல்லாத குழாயில் எடுத்து, சீரத்தை (உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் தெளிந்த நீரை) பிரித்து வைக்க வேண்டும். இரண்டு முதல் மூன்று வாரங்கள் கழித்து இன்னொரு முறை எடுப்பது மிகவும் பயன்படும். கன்று வீசாத மாடுகள் சிலவற்றின் இரத்தத்தையும் சேர்த்து அனுப்பினால், மந்தையில் தொற்று எவ்வளவு பரவியிருக்கிறது என்பதும் புலப்படும். காம்பிலோபாக்டர் ஐயத்தில் காளையை ஓரிரு வாரம் சேர்க்கையின்றி ஓய்வில் வைத்துப் பின் உறைக் கழுவல் நீர் எடுப்பார்கள். அக்கிருமி சாதாரணக் காற்றின் ஆக்சிஜன் அளவைத் தாங்காதது என்பதால், ஆய்வகம் தரும் தனி ஊடகத்திலேயே அதனைக் கொண்டு செல்ல வேண்டும்.

படி 5: முடிவுகளைப் புரிந்துகொள்ளுதல்

நல்ல ஆய்வகங்களிலும் பாதிக்கும் குறைவான கருச்சிதைவுகளுக்கே காரணம் கிடைக்கிறது. ‘எதுவும் இல்லை’ என்ற முடிவு வந்தால் அடுத்த நிகழ்விலும் மாதிரி அனுப்புங்கள்.

புருசெல்லாவுக்கான ரோஸ் பெங்கால் இரத்தச் சோதனை விரைவானது, ஆனால் வடிகட்டும் சோதனை மட்டுமே. யெர்சினியா என்னும் வேறொரு பாக்டீரியாவின் வகை ஒன்றின் தொற்றும் தடுப்பூசியின் விளைவும் அதில் பொய்யான நேர்முடிவைத் தரலாம். எனவே எலைசா (எதிர்ப்பொருளை ஆய்வகத்தில் கண்டறியும் முறை) போன்ற இன்னொரு சோதனையால் அதை உறுதிப்படுத்த வேண்டும். மந்தையின் கூட்டுப்பாலில் புருசெல்லாவுக்காகச் செய்யும் பால் வளையச் சோதனையை மடிநோய்ப் பாலும் சீம்பாலும் குழப்பும். மறுபுறம், ஈன்ற அல்லது கன்று வீசிய நாட்களை ஒட்டி எடுத்த இரத்தத்தில் புருசெல்லா தொற்று தெரியாமலும் போகலாம். சில வாரங்கள் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். லெப்டோஸ்பைராவில் சிதைவு நேரும்போதே, கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளின் அளவு உச்சத்தைத் தாண்டியிருக்கக்கூடும் என்பதால், இரண்டாம் மாதிரியில் நான்கு மடங்கு உயர்வு தெரியவில்லை என்பதை வைத்து அந்நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

படி 6: நோய்க்கேற்ற முடிவெடுத்தல்

புருசெல்லாவுக்கு மாடுகளில் சிகிச்சை பரிந்துரைக்கப்படுவதில்லை. உயிரணுக்களுக்குள் ஒளிந்து வாழும் அக்கிருமியை ஆன்டிபயாட்டிக் முழுமையாக அகற்றுவதில்லை. உறுதியான மாட்டை நிரந்தரமாகப் பிரிப்பதும், சட்டம் இடந்தரும் நாடுகளில் கழிப்பதும், எஞ்சியவற்றை 30 முதல் 60 நாட்கள் இடைவெளியில் தொடர்ந்து சோதிப்பதும்தான் வழி. பல நாடுகளில் இதனை அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். நோயுள்ள மாட்டை விவரம் சொல்லாமல் விற்பது இன்னொருவர் மந்தையில் நெருப்பு வைப்பதற்குச் சமம்.

புருசெல்லாவுக்கான எஸ்-19 தடுப்பூசி நான்கு முதல் எட்டு மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு மட்டுமே போடப்படுகிறது. காளைக் கன்றுகளுக்குப் போட்டால் விரை அழற்சி வரலாம், சினை மாடுகளுக்குப் போட்டால் சினை கலையலாம். உயிருள்ள கிருமியால் ஆனது என்பதால், போடும்போது ஊசி கையில் குத்திவிட்டால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

காம்பிலோபாக்டரில் விடுபடுவது எளிது: காளையைக் கழித்துவிட்டு, நம்பகமான நிலையத்தின் விந்தைக் கொண்டு செயற்கைக் கருவூட்டலுக்கு மாறினால், பெரும்பாலான மாடுகள் சில மாதங்களில் தாமாகவே கிருமியிலிருந்து விடுபட்டுச் சினை பிடிக்கும். லெப்டோஸ்பைராவுக்கு மருத்துவர் தரும் சிகிச்சையோடு, அந்தப் பகுதியில் உள்ள வகைக்குப் பொருந்தும் தடுப்பூசியும், தேங்கிய நீருக்கு வேலியும், எலிக் கட்டுப்பாடும் தேவை. கருப்பை அழற்சியில் ஈனும் இடத்தின் தூய்மையே பாதி வைத்தியம். காய்ச்சல் இருந்தால் தாமதியாமல் மருத்துவரை அழைக்க வேண்டும்.

படி 7: புதிதாக வாங்கும் மாடு

மந்தைக்குள் நோய் நுழையும் பெருவழி இதுதான். வாங்கும் முன் இரத்தச் சோதனை செய்து, வாங்கிய பின் 30 நாட்கள் தனியே வைத்து மறுபடி சோதிக்க வேண்டும். வயது முதிர்ந்த பொலி காளையை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். சினைக் கிடேரியை வாங்குவோர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: புருசெல்லா உள்ள தாய்க்குப் பிறந்த கிடேரிகளுள் சில, முதல் ஈற்று வரை எல்லாச் சோதனைகளிலும் எதிர்முடிவே (தொற்று இல்லை என்றே) காட்டி, ஈனும்போதுதான் கிருமியை வெளியேற்றத் தொடங்கும். ஆகவே வாங்கிய கிடேரியைத் தனிக் கொட்டகையிலேயே ஈனச் செய்து, ஈன்று சில வாரங்கள் கழித்து எடுத்த இரத்தம் எதிர்முடிவு தந்த பிறகே மந்தையோடு சேர்க்க வேண்டும்.