ரெண்டு உசுருக்குச் சாப்பிடும் கணக்கு

"இப்போ நீ ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்" என்று சொல்லிக்கொண்டே கர்ப்பிணியின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போடுவார்கள். அன்பில் குறையில்லை, கணக்குதான் தப்பு. முதல் மூன்று மாதம் கூடுதல் கலோரி தேவையே இல்லை. அப்புறமும் நாளுக்குச் சுமார் 350தான்: இரண்டு இட்லி, ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால்.

அதைவிடப் பெரிய தவறு, டெஸ்டில் இரண்டு கோடு தெரிந்த பிறகு எடையைப் பற்றி யோசிப்பது. உடம்பில் கொழுப்பு கூடினால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. ஈடுகட்ட உடம்பு இன்னும் இன்சுலினைச் சுரக்கும். அது சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டும்; முட்டை முதிர்ந்து வெடிப்பது தடைபடும். மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போகிற பலருக்கு இதுதான் சங்கதி. ஒல்லியாகிவிட வேண்டியதில்லை. 70 கிலோ இருப்பவர் நான்கைந்து கிலோ குறைத்தாலே பலருக்கு முட்டை வெடிப்பது திரும்புகிறது. கருத்தரித்த பிறகு பயந்துபோய் பட்டினி கிடப்பதோ, குழந்தைக்கே ஆபத்து.

போலிக் அமில மாத்திரையிலும் இதே தாமதம்தான். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாயில் குறை வரும் வாய்ப்பைக் குறைக்கத்தான் இந்த மாத்திரை; அந்தக் குழாயோ கருவுற்ற 28 நாளில் மூடிவிடும். அதாவது மாதவிடாய் தவறி இரண்டே வாரம். உடல் பருமன் இருந்தால் இதில் குறை வரும் வாய்ப்பு கூடுதல், மாத்திரையின் அளவும் மாறலாம். கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

"எங்க வீட்ல யாருக்கும் சுகர் இல்லையே" என்று குளுக்கோஸ் டெஸ்டைத் தட்டிக்கழிப்பவர்களும் உண்டு. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதல் செக்கப்பில் சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். அம்மாவின் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும், இன்சுலின் போகாது. அதனால் குழந்தையே இன்சுலினை அதிகம் சுரந்து, வந்த சர்க்கரையைக் கொழுப்பாக்கிக்கொள்கிறது. "நாலு கிலோ, கொழுகொழுன்னு!" என்று நாம் பூரிக்கிற நேரத்தில், தொப்புள்கொடி அறுந்து சர்க்கரை வரத்து நின்ற அந்தப் பிள்ளைக்கு ரத்தச் சர்க்கரை சடாரென்று இறங்கலாம்.

கடைசியாக ஒன்று: எடை மெஷினில் மனைவியை மட்டும் ஏற்றுவது. உடல் பருமன் விந்தணுவையும் பாதிக்கும். அது உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். அந்த இரண்டரை மாதத்து ராத்திரி பரோட்டாவும் கணக்கில் சேரும்.